கர்ப்பகாலமும் கிளர்வூட்டும் பொருள்களும்: கேட்கப்படாமல் போன ஒரு கேள்வி

எங்கள் மகப்பேறு புறநோயாளிப் பிரிவில் முதல் வருகையின்போது நிரப்பப்படும் படிவத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கட்டங்கள் உள்ளன. கடைசி மாதவிலக்குத் தேதி, முந்தைய பிரசவங்கள், இரத்த வகை, சர்க்கரை, தைராய்டு எனத் தொடரும் அந்தப் பட்டியலின் இறுதியில் ‘புகையிலை, மது, பிற பொருள்கள்’ என்றொரு கட்டம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை ஏறத்தாழ எல்லாக் கோப்புகளிலும் அக்கட்டத்தில் ‘இல்லை’ என்றே எழுதப்பட்டிருந்தது. பெரும்பாலான கோப்புகளில் அது உண்மையாகவே இருந்திருக்கும். ஆனால் அச்சொல் கேட்டு எழுதப்பட்டதா, கேளாமலே எழுதப்பட்டதா என்பதை நாங்கள் ஆராய்ந்ததில்லை.

ஆராய வைத்தவர் ஒரு பெண். அவருடைய ஒப்புதலோடும், அடையாளம் தெரியாத வண்ணம் சில விவரங்களை மாற்றியும், அவரைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

முப்பதை எட்டாத வயது, இரண்டாவது கர்ப்பம். ஐந்தாம் மாதத்தில்தான் முதன்முதலாக எங்களிடம் வந்தார். மாமியார் உடன் வந்திருந்தார். எடை குறைவாகவும் நாடித் துடிப்பு சற்று விரைவாகவும் இருந்தன. இரத்தசோகையாக இருக்கலாம் என எண்ணினோம். அடுத்த வருகையில் இரத்த அழுத்தம் 150/100 இருந்தது. சிறுநீரில் புரதம் இல்லை. கர்ப்பகால இரத்தக் கொதிப்பு என்று எழுதி மாத்திரை கொடுத்தோம். மூன்றாவது வருகையில், குழந்தையின் வளர்ச்சி வாரக் கணக்குக்குப் பின்தங்கியிருப்பதை ஸ்கேன் காட்டியது. முப்பதாவது வாரத்தில் ஒரு விடியற்காலை, கல்லைப்போல் இறுகிய வயிற்றுடனும் உதிரப்போக்குடனும் ஆம்புலன்ஸில் வந்து சேர்ந்தார். நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்திருந்தது. உடனே அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தோம். பெண் குழந்தை, எடை 1,150 கிராம்.

இரண்டாம் நாள் இரவு, பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவருக்குத் தாய்ப்பால் பீய்ச்சி எடுக்க உதவிக்கொண்டிருந்த செவிலியர், பால் வழியாகக் குழந்தைக்கு மருந்து செல்லக்கூடும் என்பதால், “வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தீங்களாம்மா?” என்று கேட்டார். வழக்கமான கேள்விதான். அந்தப் பெண் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டுப் பின்னர் சொன்னார். இரவுப் பணியில் உறக்கம் வராமலிருக்க உடன் பணியாற்றிய ஒருவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். உறக்கம் வரவில்லை, பசியும் எடுக்கவில்லை, முதல் பிரசவத்துக்குப் பின் ஏறிய எடை குறைந்ததில் மகிழ்ச்சியும் உண்டாயிற்று. ஓராண்டுக்குள் அது ‘ஐஸ்’ என்று அழைக்கப்படும் மெத்தாம்பெட்டமினாக மாறியிருந்தது. கருவுற்றது தெரிந்ததும் குறைத்திருக்கிறார். முற்றிலும் நிறுத்த இயலவில்லை. “யாருமே கேக்கல, சிஸ்டர். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனான்னும் தெரியல” என்றார்.

மறுநாள் காலை அவருடைய கோப்பை எடுத்துப் பார்த்தோம். மூன்று வருகைகள், மூன்றிலும் ‘இல்லை’, மூன்று வெவ்வேறு கையெழுத்துகள். அவற்றுள் ஒன்று எங்கள் பிரிவின் மூத்த மருத்துவர் ஒருவருடையது. மூன்று முறையும் மாமியார் அருகிலேயே அமர்ந்திருந்தார். அவர் முன்னிலையில் அக்கேள்வியைக் கேட்பது நாகரிகமன்று என எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியதைக்கூட நாங்கள் உணரவில்லை.

உடலில் நிகழ்வது என்ன?

கிளர்வூட்டும் பொருள்கள் என்று மருத்துவத்தில் நாங்கள் குறிப்பிடுவது ஒரு பெருங்குடும்பத்தை. கொக்கெயின், ஆம்பெட்டமின், மெத்தாம்பெட்டமின் ஆகியவை அதன் வலிமை மிக்க உறுப்பினர்கள். நரம்பு முனைகளில் டோபமின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களின் அளவை இவை இயல்புக்கு மீறி உயர்த்துகின்றன. விழிப்பும் உற்சாகமும் பசியின்மையும் அதனால் விளைகின்றன. அதே நார்அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இதயத்தை விரைவாகத் துடிக்கச் செய்கிறது.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் செல்கிறது. தாயின் இரத்தக் குழாய்கள் சுருங்கும்போதெல்லாம் அந்த ஓட்டம் குறைகிறது. நஞ்சுக்கொடிக்குப் பிராணவாயுவும் சத்தும் சேர்வது குறைவதால் குழந்தை வளர்ச்சியில் பின்தங்குகிறது. இரத்த அழுத்தம் திடீரென உயரும் வேளையில் நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிடும் அபாயமும், குறைப்பிரசவ அபாயமும் கூடுகின்றன. தாய்க்கும் வலிப்பு, பக்கவாதம், இதயப் பாதிப்பு ஆகியவை நேரலாம். பசியின்மையால் தாய் உண்பதும் குறைகிறது. இரவு பகல் தெரியாத வாழ்க்கையில் மருத்துவப் பரிசோதனைகளும் தவறுகின்றன. எத்தனை பங்கு மருந்தால், எத்தனை பங்கு பட்டினியால் என்று ஒரு தனிப் பெண்ணிடம் பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ், டெ மொய்ன், டல்சா, ஹொனலூலு ஆகிய நான்கு நகரங்களில் மெத்தாம்பெட்டமினுக்கு ஆட்பட்ட கர்ப்பங்களை ஒரு பெரிய ஆய்வு பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 2006-இல் வெளியான அதன் முடிவின்படி, அக்குழந்தைகள் வாரக் கணக்குக்கு ஏற்ற எடையின்றிப் பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றரை மடங்கு அதிகமாக இருந்தது. எங்கள் நோயாளியின் ஸ்கேனில் மூன்றாவது வருகையில் நாங்கள் கண்டதும் அதுவே.

வீட்டுக்குள்ளேயே இருப்பவை

மெத்தாம்பெட்டமினும் கொக்கெயினும் நம் நாட்டில் பரவலாக இல்லை. 2019-இல் வெளியான அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் தேசிய ஆய்வு, 10 முதல் 75 வயதுக்கு உட்பட்டோரில் ஆம்பெட்டமின் வகைகளைப் பயன்படுத்துவோர் 0.18 சதவீதம் என்றும், கொக்கெயின் பயன்படுத்துவோர் 0.10 சதவீதம் என்றும் மதிப்பிட்டது. ஆகவே இவ்விதழைப் படிக்கும் குடும்பங்களுள் மிகப் பலருக்கு இது அயலார் கதையாகத் தோன்றலாம். ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த, வலிமை குறைந்த உறவினர்கள் நம் வீடுகளிலேயே இருக்கின்றன.

புகையிலையில் உள்ள நிக்கோட்டினும் ஒரு கிளர்வூட்டியே. 2016–17-இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களுள் 12.8 சதவீதத்தினர் புகையாப் புகையிலையைப் பயன்படுத்தியது தெரியவந்தது. “சிகரெட் பிடிப்பதில்லை” என்று உண்மையாகவே சொல்லும் பெண், வெற்றிலையோடு புகையிலையை மெல்லுகிறவராகவோ, புகையிலை கலந்த பற்பொடியால் நாளுக்கு நான்கு முறை பல் துலக்குகிறவராகவோ இருக்கலாம். பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் பொருளும் நரம்புகளைத் தூண்டுவதே; நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சேர்வதே. முதல் மூன்று மாதங்களின் குமட்டலுக்குப் பாக்கு மெல்லுவதை மூத்தோர் அன்போடு பரிந்துரைப்பதுண்டு. விருந்துக்குப் பின் எப்போதோ ஒரு முறை தரிக்கும் தாம்பூலத்தைப் பற்றி நாங்கள் கவலைப்படுவதில்லை. நாள் முழுதும் வாயில் அடக்கிவைக்கும் பழக்கமே எங்கள் கவலை. அது எடை குறைந்த குழந்தை பிறப்பதோடு தொடர்புடையது.

காப்பியைப் பற்றித்தான் எங்களிடம் மிகுதியாகக் கேட்கிறார்கள். நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கஃபீனுக்குள் நிறுத்திக்கொள்ளுமாறு பல நாடுகளின் மகப்பேறு அமைப்புகள் அறிவுறுத்துகின்றன. பொதுவாகக் காலை ஒன்று, மாலை ஒன்று எனச் சிறு தம்ளர்களில் அருந்தினால் அந்த எல்லைக்குள் இருக்கலாம்; டிகாக்‌ஷன் கெட்டியாக இருந்தால் கணக்கு மாறும். மற்ற காலங்களில் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் உடலில் பாதியாகக் குறையும் கஃபீன், கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் பாதியாகக் குறையப் பதினைந்து மணி நேரம் வரை எடுத்துக்கொள்கிறது. காலையில் குடித்ததே இரவில் உறக்கத்தைக் கெடுப்பதன் காரணம் இது. காப்பிப் பிரியர்களாகிய எங்களுள் சிலருக்கும் இந்தச் செய்தி உவப்பானதன்று.

உடல் எடையைக் குறைக்கும் மாத்திரைகளைப் பற்றிக் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஃபென்டர்மின் முதலியவை ஆம்பெட்டமினின் நெருங்கிய உறவினர்கள், கர்ப்பகாலத்தில் கூடாதவை. 1950-களிலும் 60-களிலும் கர்ப்பிணிகளின் எடை கூடாதிருக்க ஆம்பெட்டமினையே மேலைநாட்டு மருத்துவர்கள் எழுதிக்கொடுத்தனர் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இப்பொருள்களுள் பல தெருவுக்கு வருவதற்கு முன் மருந்துச் சீட்டில்தான் இருந்தன. மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகளிலும் இரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்துகள் உண்டு. கர்ப்பகால இரத்தக் கொதிப்பு உடையோர் அவற்றைத் தாமாக வாங்கலாகாது.

கவனக்குறைவுக் கோளாறுக்காக மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மெத்தில்பெனிடேட் போன்ற மருந்தை உட்கொள்வோர் வேறு வகையினர். அவர்கள் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. அஞ்சித் தாமாக நிறுத்தவும் வேண்டாம். அமெரிக்க, வடஐரோப்பியத் தரவுகளைக் கொண்டு 2018-இல் வெளியான பேராய்வில், மெத்தில்பெனிடேட் எடுத்துக்கொண்ட ஆயிரம் கர்ப்பங்களுக்கு ஏறத்தாழ மூன்று குழந்தைகளுக்குக் கூடுதலாக இதயக் குறைபாடு காணப்பட்டது. இந்தச் சிறிய அபாயத்தையும், மருந்தின்றி வாழ்வதன் இடரையும் எடைபோட்டுத் தாயும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்கலாம்.

அமெரிக்காவில் நடந்தது

மெத்தாம்பெட்டமின் பற்றி அந்தப் பெண் சொன்னதும் அவருடைய கணவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி: “குழந்தை மூளை வளர்ச்சி இல்லாமல் போய்விடுமா?” இக்கேள்விக்கு விடை சொல்ல, கொக்கெயினைப் பற்றிய ஒரு பழைய கதையை அவரிடம் விளக்கினோம்.

1985-இல் அமெரிக்காவின் ஒரு மருத்துவ இதழில், கொக்கெயின் பயன்படுத்திய 23 பெண்களைப் பற்றிய சிறிய ஆய்வு வெளியானது. எச்சரிக்கையுடன் எழுதப்பட்ட தொடக்க நிலை ஆய்வு அது. செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் அதைப் பற்றிக்கொண்டு, ‘கிராக் பேபி’ என்றொரு பெயரைப் படைத்தன. ஒரு தலைமுறையே அறிவு குன்றிப் பள்ளிகளை நிரப்பப்போகிறது என்று அறிவித்தன. ஃபிலடெல்ஃபியாவில் பச்சிளங்குழந்தை மருத்துவர் ஹாலம் ஹர்ட் 1989-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 224 குழந்தைகள், ஏறத்தாழ பாதிப் பேர் கருவில் கொக்கெயினுக்கு ஆட்பட்டவர்கள், மறுபாதியினர் ஆட்படாதவர்கள், இரு சாராரும் அதே ஏழ்மையான குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். நான்கு வயதில் அளந்தபோது முதற்பிரிவினரின் சராசரி நுண்ணறிவு ஈவு 79. இரண்டாம் பிரிவினருடையது 81.9. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டுமே இயல்பான சராசரியாகிய 100-க்கு வெகு கீழே. ஏறத்தாழ கால் நூற்றாண்டு அவர்களைப் பின்தொடர்ந்த பிறகு, கருவில் பட்ட கொக்கெயினைவிட வறுமையே அக்குழந்தைகளின் வளர்ச்சியை வலுவாகத் தீர்மானித்தது என்ற முடிவுக்கு ஹர்ட் வந்தார்.

கொக்கெயின் தீங்கற்றது என்பது இதன் பொருளன்று. குறைப்பிரசவமும் நஞ்சுக்கொடிப் பிரிவும் மெய்யானவை. மெத்தாம்பெட்டமின் ஆய்வுகளிலும் சில குழந்தைகளிடம் பதற்றம், உணர்ச்சிக் கொந்தளிப்பு ஆகியவை சற்று மிகுதியாகக் காணப்பட்டன. ஆனால் ‘பிறக்கும்போதே பாழான குழந்தை’ என்று ஒன்று இல்லை. அந்தக் கணவரிடம் நாங்கள் சொன்னதும் இதுவே: வளர்ச்சிப் பரிசோதனைக்குத் தவறாமல் அழைத்து வாருங்கள், குழந்தையோடு பேசுங்கள், தாயை வீட்டில் தனியாக்கிவிடாதீர்கள்.

அதே காலத்தில் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில், ஒரு பொது மருத்துவமனை கர்ப்பிணிகளின் சிறுநீரை அவர்கள் ஒப்புதலின்றிக் கொக்கெயினுக்காகப் பரிசோதித்து, முடிவைக் காவல்துறைக்குத் தெரிவித்துவந்தது. பிரசவித்த பெண்கள் சிலர் மருத்துவமனையிலேயே கைது செய்யப்பட்டனர். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2001 மார்ச்சில், காவல்துறைக்குச் சான்று தேடும் நோக்கில் ஒப்புதலின்றிச் செய்த அப்பரிசோதனை அரசியலமைப்புக்கு மாறானது என்று ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பாயிற்று. அங்கே மருத்துவர்கள் நம்பிக்கையை இழந்த விதத்தை எங்கள் இளம் மருத்துவர்களுக்கு நாங்கள் இப்போது பாடமாகவே சொல்லித்தருகிறோம்.

சிறுநீரைப் பரிசோதித்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். இரத்தக் கொதிப்புக்காக நாங்களே கர்ப்பிணிகளுக்குத் தரும் லபெட்டலால், வாந்திக்குத் தரும் புரோமெத்தசின் ஆகியவையும் முதல்நிலைச் சிறுநீர்ப் பரிசோதனையில் ஆம்பெட்டமின் இருப்பதாகத் தவறாகக் காட்டக்கூடும். உறுதிப்படுத்தும் பரிசோதனை வேறு. அதையும் ஒப்புதல் பெற்றே செய்கிறோம்.

சொல்வதால் என்ன மாறும்?

முதலில், அறுவை அரங்கில் மாறும். இப்பொருள்களை உட்கொண்டிருப்பவருக்கு, மயக்க மருந்தின்போது குறையும் இரத்த அழுத்தத்தை உயர்த்த வழக்கமாகத் தரப்படும் எஃபெட்ரின் எதிர்பார்த்தபடி வேலை செய்யாமல் போகலாம். மயக்க மருந்து மருத்துவர் வேறு மருந்தை ஆயத்தமாக வைத்திருப்பார். இரத்தக் கொதிப்புக்கான மருந்தின் தேர்வும், பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கை நிறுத்தத் தரும் ஊசியின் தேர்வும் மாறும். குழந்தையின் வளர்ச்சியை அறிய ஸ்கேன்கள் அடிக்கடி எடுக்கப்படும்.

எங்கள் நோயாளி முதல் வருகையிலேயே சொல்லியிருந்தால் நஞ்சுக்கொடி பிரியாதிருந்திருக்கும் என்று உறுதி கூற இயலாது. இரண்டு மாத அவகாசம் கிடைத்திருக்கும் என்பது மட்டும் உறுதி.

சட்டத்தைப் பற்றிய அச்சம் நியாயமானது; ஆகவே தெளிவாகச் சொல்கிறோம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு உண்டு. போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிய அளவில் வைத்திருந்ததற்காகவோ குற்றஞ்சாட்டப்பட்ட, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து அவருக்கு விலக்கு அளிக்கிறது அது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் தொடர்பான பாதிப்புகளையும் உள்ளடக்கியது. சட்டம் குறிப்பிடும் சில சூழல்கள் தவிர, நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காப்பதை அது கட்டாயமாக்குகிறது. மனநலச் சிகிச்சைக்காகத் தங்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கலாகாது என்றும், தாயால் குழந்தைக்குத் தீங்கு நேரும் அபாயம் இருந்தால் மட்டுமே விலக்கு என்றும் அச்சட்டம் கூறுகிறது.

சிகிச்சையைப் பொறுத்தவரை, மெத்தாம்பெட்டமினுக்கும் கொக்கெயினுக்கும் மாற்று மருந்தென்று கர்ப்பகாலத்தில் பரிந்துரைக்கத்தக்கது இல்லை. உளவியல் ஆலோசனையும், போதையின்றி இருந்த ஒவ்வொரு வாரத்துக்கும் சிறு வெகுமதி அளித்து ஊக்குவிக்கும் முறையும் பயன் தருகின்றன. இவற்றைத் திடீரென நிறுத்துவதால் கருவுக்கு நேரடித் தீங்கு இல்லை. தாய்க்குச் சில நாள்கள் அளவு கடந்த உறக்கம், பசி, சோர்வு, மனத்தளர்ச்சி ஆகியவை வரும். அந்நாள்களில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் எழலாம் என்பதால் அவரைத் தனியே விடலாகாது. மது, அபின் வகைகள், தூக்க மாத்திரைகள் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. அவற்றை மருத்துவ மேற்பார்வையின்றி ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பயன் உண்டு. ஏழாம் மாதமாகிவிட்டதே, இனி என்ன என்று எண்ண வேண்டாம்.

பிறந்த குழந்தை சில நாள்கள் மிகுதியாக உறங்கலாம், பால் குடிக்கச் சோம்பலாம், சிறிது நடுங்கலாம். பெரும்பாலும் மருந்து தேவைப்படுவதில்லை. மங்கிய ஒளியும் தாயின் மார்போடு தோல் சேர்ந்த அணைப்பும் போதுமானவை. தாய் இப்பொருள்களைத் தொடர்ந்து உட்கொள்ளும் வரை தாய்ப்பால் தரலாகாது. நிறுத்திய பின் எப்போது தொடங்கலாம் என்பதைக் குழந்தை மருத்துவர் முடிவு செய்வார். அதுவரை பாலைப் பீய்ச்சி எடுத்துச் சுரப்பைக் காத்துக்கொள்ளலாம். நம் நோயாளி ஐந்தாம் நாளிலிருந்து அவ்வாறே செய்து, மருத்துவர் அனுமதித்த பின் குழந்தைக்கு ஊட்டினார். குழந்தை இப்போது நடக்கிறாள். பேச்சு சற்றுத் தாமதம், அதற்குப் பயிற்சி நடக்கிறது. தாய் ஒரு முறை மீண்டும் வழுக்கி, மறுவாரமே தாமாக வந்து சொன்னார்.

இக்கட்டுரையின் வரைவை அவரிடம் படித்துக் காட்டியபோது ஒரே ஒரு திருத்தம் சொன்னார். ஐந்தாம் மாதத்தில்தான் முதன்முதலாக வந்ததாக எழுதியிருக்கிறோம். அதற்கு முன்பே இரண்டு முறை பேருந்தில் வந்து, மருத்துவமனை வாயில் வரை நடந்து, திரும்பிப் போயிருக்கிறாராம்.

எங்கள் பிரிவில் இப்போது ஒவ்வொரு கர்ப்பிணியையும் ஒவ்வொரு வருகையிலும் பத்து நிமிடமாவது தனியாகச் சந்திக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே எல்லாக் கர்ப்பிணிகளிடமும் எல்லா வருகைகளிலும் கேட்குமாறு வழிகாட்டியிருந்தது. நாங்கள் காலந்தாழ்த்தியே தொடங்கினோம். உடன் வரும் மாமியாரும் கணவரும் அந்நேரம் வெளியே காத்திருக்க நேர்ந்தால் பொறுத்தருள வேண்டும். சந்தேகத்தின் பேரில் எவரையும் பிரித்து அழைப்பதில்லை, எல்லோருக்கும் அதே முறைதான். வரும்போது, உட்கொள்ளும் மாத்திரை எதுவாயினும் அதன் அட்டையைக் கொண்டுவாருங்கள். தீர்ந்துபோன வெற்று அட்டையும் உதவும். மருத்துவமனைக்கு வரத் தயங்குவோர் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446-ஐயோ, மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416-ஐயோ அழைக்கலாம். இரண்டும் கட்டணமற்றவை, பெயர் சொல்லாமலும் பேசலாம்.